கல்நார்த் தூசியும் லாபக் கணக்கும்

இயந்திரத்தில் சிக்கித் தொழிலாளியின் கை போனால் மறுகணமே ஆலை முழுவதும் அறிகிறது. சங்கம் தலையிடுகிறது, நஷ்டஈடு கேட்கிறது. ஆனால் இன்று சுவாசித்த தூசி 30, 40 ஆண்டுகள் கழித்து உயிரைப் பறித்தால் பொறுப்பு யாருடையது? மெஸோதீலியோமா என்ற புற்றுநோய் எழுப்பும் கேள்வி இதுதான்.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பூமியில் வெட்டியெடுக்கப்படும் நார்க்கனிமம். அதை உடைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கின்றன. மூச்சோடு உள்ளே சென்றவை நுரையீரலைப் போர்த்தியுள்ள சவ்வை அடைகின்றன. சில சமயம் வயிற்றுச் சவ்வையும் தாக்குகின்றன. பல பத்தாண்டுகளுக்குப் பின் மார்புவலி, மூச்சுத்திணறல், நீர்கோத்தல் என்று நோய் தலைகாட்டுகிறது. அதன் பிறகு பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகள்கூட உயிர் வாழ்வதில்லை. பீடி, சிகரெட்டின் மீது பழியைப் போட்டுத் தப்பவும் முதலாளிகளுக்கு வழியில்லை. இந்நோய்க்குப் புகையிலை காரணமல்ல. கணவனின் வேலையுடையைத் துவைத்த பெண்களும் இந்நோய்க்குப் பலியாகியிருக்கின்றனர்.

தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் கண்ட 33 நோயாளிகளைப் பற்றி டாக்டர் வாக்னரும் சகாக்களும் 1960-ல் உலகுக்கு அறிவித்தனர். அதன் பின்னும் “எங்களுக்குத் தெரியாது” என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். கல்நார்ப் பொருள்களை விற்றுக் கொழுத்த ஜேம்ஸ் ஹார்டி கம்பெனி, 2001-ல் 29 கோடியே 30 லட்சம் டாலர் கொண்ட ஓர் அறக்கட்டளையின் தலையில் பழைய பொறுப்புகளைக் கட்டிவிட்டு, தலைமையகத்தை நெதர்லாந்துக்கு மாற்றியது. பணம் போதுமானது என்றும் அறிவித்தது. 2004-ல் நடந்த விசாரணையிலோ 150 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை என்பது அம்பலமாயிற்று!

தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர்கள் வீதியில் இறங்கினர். அந்தக் கம்பெனியின் ஆலையில் வேலை செய்து நுரையீரல் கெட்ட பெர்னி பாண்டன், மூக்கில் பிராணவாயுக் குழாயுடன் முன்னணியில் நின்றார். கடைசியில் நீண்டகால நஷ்டஈட்டு நிதிக்குக் கம்பெனி பணிந்தது. 2007-ல் பங்குதாரர்களும் அதை ஏற்றனர். அதே ஆண்டு நவம்பரில் பாண்டன் மெஸோதீலியோமாவினால் மாண்டார். நிதி போதுமானது என்ற பொய் அறிவிப்புக்காக டைரக்டர்கள் மீது வந்த தீர்ப்பை 2012-ல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்தப் பாடம் நமக்கும் உரியது. ஆஸ்திரேலியா 2003 முடிவில் கல்நாரை முற்றாகத் தடை செய்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. வெள்ளைக் கல்நார் உள்ளிட்ட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆனால் இந்தியாவோ ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து வெள்ளைக் கல்நாரை ஏராளமாக இறக்குமதி செய்து கூரை ஷீட்டுகளாக்குகிறது. “ஏழைக்கேற்ற மலிவான கூரை” என்கிறார்கள். ஷீட்டை அறுக்கும் கட்டடத் தொழிலாளியின் நுரையீரல் அந்த விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்கிறோம்.

கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவக் குறிப்புகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையிலிருந்து நின்றபின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் உத்தரவிட்டது. மெதுவாகக் கொல்லும் நோய்க்கு இந்தக் குறிப்பே சாட்சி. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் தினக்கூலிக்கும் இந்தச் சாட்சி எங்கே?

எனவே நாம் கோருவது இது: கல்நார் இறக்குமதியையும் உற்பத்தியையும் நிறுத்த வேண்டும். அத்தொழிலில் உள்ளோருக்கு மாற்று வேலை உத்தரவாதம் வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளர் உட்பட எல்லோருக்கும், ஓய்வுக்குப் பின்னும், மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். பழைய கூரைகளை அகற்றும்போது ஷீட்டுகளை நனைத்து, உடைக்காமல் கழற்ற வேண்டும். தகுந்த முகக்கவசம் கொடுக்க வேண்டும். மாற்றுக் கூரைக்குச் சர்க்கார் உதவ வேண்டும்.

தொழிற்சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு மூச்சுக் கோரிக்கையையும் சேர்த்து எழுப்பட்டும். கல்நார் ஆலையில் வேலை செய்தோரின் பெயர்ப் பட்டியலை இன்றே தயாரிக்கட்டும். நாற்பது ஆண்டு கழித்து முதலாளி எங்கே போனாலும் அந்தப் பட்டியல் அவனைத் தொடரும்!