பேரேட்டைத் திறந்து காட்டுக!

இற்றைநாள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு புதிய விழா பெருகி வருகின்றது. ஊரிற் பெயர்பெற்ற தொழில்முதல்வர் ஒருவர் பொன்னாடை போர்த்தப்பெற்று மேடையேறுகின்றார். தாம் வென்ற வரலாற்றை ஒரு மணிநேரம் ஆங்கிலத்தில் அளக்கின்றார். 'இசுடார்ட்டப்பு', 'மெண்டர்', 'பிட்சு', 'பண்டிங்கு' என்று சொற்கள் கொட்டுகின்றன. கையொலி அடங்குமுன் அவர் மகிழுந்து புறப்பட்டுவிடுகின்றது. மாணவரைத் தொழில் முனைவோராக்கும் வழிகாட்டல் என்று இதற்குப் பெயராம்!

யாருக்குக் காட்டிய வழி இது? தறிக்கூடத்து நெசவாளியின் மகனும், சிற்றூர்க் கடைக்காரரின் மகளும் அவ்வவையில் வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர். நூல்விலை ஏறினால் என்னாகும், கடன் திரும்பாவிடில் கடை என்னாகும் என்பதை அவர்கள் தம் வீட்டுத் திண்ணையிலேயே கற்றவர்கள். ஆயினும், தமிழில் எழுந்த வினாவை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கேட்க அஞ்சி அமைகின்றனர். வினவ முடியாதவனுக்கு வழிகாட்டுவது எங்ஙனம்? அரசு தன் இயக்கத்தின் பெயரிலேயே 'புத்தொழில்' என்னும் நற்றமிழ்ச் சொல்லை வைத்திருக்கின்றது. பெயர்ப்பலகையில் ஏறிய தமிழ் அவைக்குள் நுழையக் கூடாதோ?

வணிகத்திற்குத் தமிழ் போதாது என்பார் நகரத்தார் வரலாற்றைப் பார்க்க. பருமாவிலும் ஈழத்திலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய அவர்கள், கணக்கைத் தமிழிலேயே எழுதினர். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்பன அவர்தம் கடைகளில் நாள்தோறும் வழங்கிய சொற்கள். அங்கே இளைஞன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான், அடுத்தாளாக உயர்ந்தான், பின்னர்க் கடையையே நடத்தினான். அவனுக்குச் சொற்பொழிவு ஆற்றப்படவில்லை. ஏடு திறந்து காட்டப்பட்டது.

அப்பயிற்சி ஒரு குலத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது என்பது மெய்யே. அக்குறையை மறைக்க வேண்டா, நீக்குக. அன்று பிறப்பு மதிலாக நின்றது. இன்று ஆங்கிலம் மதிலாக நிற்கின்றது. பழைய மதிலை இடிக்கப் புகுந்தோர் புதிய மதிலை எழுப்புவது என்ன நயன்மை?

சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவிற்குச் சென்று, தீக்குச்சித் தொழிலைக் கைப்படக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். அவ்விருவர் கற்றது ஓர் ஊரின் தொழிலாயிற்று; அதன் பின்னே வெடித்தொழிலும் அச்சுத்தொழிலும் கிளைத்தன. கோவையின் கோ.து. நாயுடு தொடக்கப்பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். 1945இல் கோவையில் பொறியியற் கல்லூரி அமையத் துணைநின்ற அவர், நான்காண்டுப் படிப்பு மாணவர் காலத்தை வீணாக்குகின்றது, ஈராண்டே போதும் என்றார். வெள்ளையர் அரசு ஏற்கவில்லை. அவர் பொறுப்பினின்று விலகினார். மேடைப் பேச்சன்று, கைத்தொழிலே இளைஞனை ஆக்கும் என்பதற்கு இவர்தம் வாழ்வே சான்று.

அயல்நாட்டு வணிகர்க்கு மடல் எழுத ஆங்கிலம் வேண்டாவா என்பர். வேண்டும், மடலுக்கு வேண்டும். நகரத்தாரும் சென்ற நாட்டு மக்களின் மொழியைக் கற்றே வணிகம் செய்தனர். அதற்காகத் தம் பேரேட்டை அயன்மொழியில் எழுதினாரல்லர். விற்குமிடத்து மொழி வேறு; கற்குமிடத்து மொழி வேறு.

எனவே, மாணவர்க்கு உண்மையாகவே உதவ விரும்பும் தொழில்முதல்வர் மேடையை விட்டுத் தம் பட்டறையின் கதவைத் திறக்க. ஆறு திங்களேனும் மாணவனைக் கூலி கொடுத்து உடன்வைத்துக் கொள்க. வென்ற கணக்கோடு இழந்த கணக்கையும் காட்டுக. எந்தக் கடன் கழுத்தை நெரித்தது, எந்த வாடிக்கை கைவிட்டது என்பதைத் தமிழில் விளக்குக. அவன் செய்த முதற்பொருளைத் தாமே விலைகொடுத்து வாங்குக. அவன் கருத்தைக் கவர்ந்து தம் பெயரில் விற்காதொழிக.

கல்லூரிகளும் ஒன்று செய்க: தமிழில் திட்டம் எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கம் எங்கிருப்பினும் ஒழிக்க. தமிழ் மாணவர் இனி அவையில் எழுந்து தமிழிலேயே கேட்க: "ஐயா, நும் பேரேட்டைக் காட்டுவீரா?" காட்டுவார் எவரோ, அவரே வழிகாட்டி, ஏனையோர் விழாவுக்கு வந்த விருந்தினர்.