எம்.ரெட்டியபட்டிக்குப் புது வருஷம் எந்த மாதம்?

ஜனவரி 1 பிறந்தால் அருப்புக்கோட்டை பஜாரில் ஆளுக்கொரு தீர்மானம். "இனிமே கடன் கிடையாது அண்ணாச்சி" என்று கடைக்காரர் அட்டை தொங்கவிடுவார். "சிகரெட்டை விட்டாச்சு" என்பார் குமாஸ்தா. பொங்கல் வரை தாங்கினால் அதிசயம்!

அங்கிருந்து பஸ் ஏறி எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போனால் கதை வேறு. மானாவாரிக் காடு. ஜனவரியில் அங்கே அறுவடை வேலை. உளுந்து எத்தனை மூட்டை, மக்காச்சோளம் எத்தனை மூட்டை, அதில் வட்டிக்குப் போனது எவ்வளவு? போன வருஷத்தைத் திரும்பிப் பார்ப்பது என்றால் சம்சாரிக்கு அதுதான்.

அடுத்த வருஷத்துக்கான தீர்மானம் சித்திரை முதல் தேதி. கரிசல் காட்டில் அன்றைக்குப் பொன்னேர் பூட்டுவார்கள். மாட்டுக்குப் பொட்டு வைத்து, சாமி கும்பிட்டு, நாலு சால் ஓட்டுவார்கள். மாடு போய் டிராக்டர் வந்தும் சாங்கியம் போகவில்லை. ஏர் பூட்டியாச்சு, சரி. கண்மாய் என்ன ஆச்சு?

இரண்டு மழைக் கணக்கு

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டைக் கைவிட்டது. சராசரி 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் மூன்று மாதமும் சேர்த்துப் பெய்தது 168 மில்லிமீட்டர்தான். 2017 ஜனவரி 10-ம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. மானாவாரிப் பயிருக்கு நிவாரணம் ஏக்கருக்கு 3,000 ரூபாய். உழவுக்கும் விதைக்கும் காணுமா அது?

2023 டிசம்பர் 17, 18-ல் நேர் எதிர். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! 2016-ல் மூன்று மாதம் பெய்ததைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

மழை இப்படித்தான் வரும் என்று ஆகிவிட்டது. வராவிட்டால் வராது, வந்தால் கொட்டும். கொட்டுகிற அன்றைக்குப் பிடித்து வைக்கக் கண்மாயில் ஆழம் வேண்டும். உள்ளே இருப்பதோ வண்டலும் சீமைக் கருவேலும்!

2017 ஜனவரியில் மதுரை ஐகோர்ட் கிளை, 13 மாவட்டங்களில் கருவேலை அகற்றச் சொன்னது. ஊரே அரிவாளும் பொக்லைனுமாகக் கிளம்பியது. அந்த வருஷமே இடைக்காலத் தடையும் வந்தது. உற்சாகம் அதோடு படுத்துவிட்டது. (ஒன்று சொல்ல வேண்டும். விறகு வெட்டுகிறவருக்கும் கரிமூட்டம் போடுகிறவருக்கும் அந்த மரம்தான் கஞ்சி. பட்டா நிலத்தில் நிற்பதை விடுங்கள். கண்மாய்க்குள் நிற்பதுதான் வழக்கு.)

கோப்பு எங்கே?

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் கண்மாய் நீர்வளத்துறைக்குச் சொந்தம். அதற்குக் குறைந்தால் யூனியன் ஆபீசுக்கு. "இது நம்ம கண்மாய் இல்லீங்களே" என்ற பதிலுக்கு இந்த ஒரு பிரிவு போதும்! எப்படியோ அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து மெஷின் வருகிறபோது ஐப்பசி பிறந்திருந்தால்? மழையில் மண் வெட்ட முடியுமா? பில்தான் வெட்டலாம்.

சும்மா சொல்லக்கூடாது, வழி இல்லாமல் இல்லை. 2017-ல் குடிமராமத்து என்று 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுத்தார்கள். 2024-ல் வண்டல் அள்ளத் தாசில்தாரே அனுமதி தரலாம் என்றாக்கினார்கள். முன்பு கலெக்டர் ஆபீசுக்கு நடக்க வேண்டும். சம்சாரி அனுமதி வாங்கி அள்ளினால் காட்டுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். அவர் அள்ளாவிட்டால் ராத்திரி டிராக்டர் அள்ளும். அது போலீஸ் ஸ்டேஷன் கதை.

தீர்மானம் போட இடமும் இருக்கிறது. ஜனவரி 26 கிராமசபை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் உட்கார்ந்தால் கோரம். விருதுநகர் உள்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவி 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் என்றால் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். அலுவலர் வாசல் எங்கே இருக்கிறது? ஆகவே கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு டீ குடித்துத் திரும்பினால் காரியம் ஆகாது. எந்தக் கண்மாய், யார் ஆபீஸ், எந்த மாதம் மெஷின் இறங்கும் என்று மூன்றையும் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். நகல் ஒன்று கையில் வாங்க வேண்டும்.

ஜனவரி 26-க்கும் சித்திரை முதல் தேதிக்கும் இடையில் 78 நாள். அனுமதி வாங்க அது போதும். சித்திரை தொடங்கி ஐப்பசி வரை மண் வெட்ட ஆறு மாதம்.