கடலின் மேல் பழி போடாதீர்கள்

சொகுசுக் கப்பலில் ஏறுவது உயிரைப் பணயம் வைப்பது, டைட்டானிக்கே அதற்குச் சாட்சி என்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். 1912-இல் மூழ்கிய அந்தக் கப்பலால்தான் 1914-இல் சோலாஸ் என்னும் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையே பிறந்தது.

சாட்சி வேண்டுமென்றால் கோஸ்டா கான்கார்டியா என்னும் சொகுசுக் கப்பலைக் கூப்பிடுங்கள். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே அதைச் சாய்த்தது புயலும் அல்ல, பனிப்பாறையும் அல்ல. தீவுக்கு வணக்கம் வைக்கக் கேப்டன் ஸ்கெட்டினோ கப்பலைக் கரையை ஒட்டி ஓட்டினார். பாறை இடப்பக்கத்தைக் கிழித்தது. கப்பலைக் கைவிடும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட, சில உயிர்காப்புப் படகுகளை இறக்கவே முடியவில்லை. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிட்டவெக்கியாவில் ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது அன்றைய விதி. எத்தனை கொடுமையான அலட்சியம்! இதில் கடல் செய்த குற்றம் என்ன?

கேப்டனுக்கு 16 ஆண்டுச் சிறை. விதியும் மாறியது: கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி கட்டாயம். அலைக்கு அஞ்சுகிறவர்களே, அந்தப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆபத்தில் எங்கே கூட வேண்டும் என்று தெரிந்துகொண்டு அறைக்குப் போங்கள்.