ஏரிக்கரையோடு நின்றுவிடும் வாசகர்கள்

வரலாற்றுப் புதினங்களைப் பற்றி நம்மவர் கூடிப் பேசும் இடங்களில் அண்மைக்காலமாக ஒரே குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. 2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' இரு பகுதிகளாகத் திரைக்கு வந்த பின்னர், கல்கியின் ஐந்து பாகங்களையும் தூசி தட்டி எடுத்தவர்களும், முதன்முறையாக விலைகொடுத்து வாங்கியவர்களும் தங்கள் வாசிப்பு அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மகிழவேண்டிய செய்திதான். வாசிப்பு அருகிவிட்டதே என்று புலம்பியவர்கள் அல்லவா நாம்! ஆயினும் அந்தப் பகிர்வுகளைச் செவிமடுக்கும்போது நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினி யாருடைய மகள்? குந்தவையை வந்தியத்தேவன் மணந்தானா? இந்த மூன்று வினாக்களோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. மிஞ்சுவது, "நம் சோழர் எத்துணைப் பெருமை படைத்தவர்!" என்னும் பெருமூச்சு ஒன்றே.

இது இன்று தோன்றிய நோய் அன்று. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் இக்கதை வெளிவந்து முடிந்தபோதே, முடிவு நிறைவளிக்கவில்லை என்று வாசகர்கள் முறையிட்டார்கள். அவர்களுக்கு மறுமொழியாகக் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று அதில் பொறுமையோடு கூறினார். யார் யாரை மணந்தார் என்று அறியாமல் வாசகருக்கு உறக்கம் கொள்ளவில்லை போலும்! ஆசிரியரை நான் குறைகூறவில்லை. தாம் துணைகொண்ட வரலாற்று நூல்களையும் சாசனங்களையும் கதைக்கு நடுவிலேயே சுட்டிக்காட்டியவர் அவர். கொலையாளி யார் என்பதை முடிந்த முடிபாகச் சொல்லாமல் விட்டதும் அவருடைய நேர்மையே என்பது என் துணிபு. என் வழக்கு வாசகரோடுதான்.

நம் வாசகரிடம் இரட்டை நாக்கு இருக்கிறது. நந்தினியும் ஊமை ராணியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனைப் படைப்புகள் என்று எடுத்துச் சொன்னால், "கதைதானே சாமி, கதையில் இதெல்லாம் பார்க்கலாமா?" என்று சிரிக்கிறார்கள். சிறிய தந்தைக்காக அருள்மொழி அரியணையை விட்டுக்கொடுத்த இடம் வந்ததும் அதே மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது கதையல்ல, திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே இருக்கிறது" என்கிறார். செப்பேட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் செப்பேட்டை வெளியிட்டது அருள்மொழியின் மகன் இராசேந்திரனின் அரசவை. தந்தையைப் பற்றி மகனின் புலவர்கள் வேறெப்படிப் பாடியிருப்பார்கள்? இனிக்கும்போது வரலாறு, கசக்கும்போது கதை என்னும் இந்த வசதியான கணக்கு நேர்மையானதன்று.

நம் சபையாரும் இதற்கு விலக்கல்லர். போலந்து எழுத்தாளர் சியென்கியேவிச் 1896-இல் நூலாக வெளியிட்ட 'குவோ வாதிஸ்' புதினத்தையோ, அதைத் தழுவிய திரைப்படத்தையோ அறிந்தவர்கள், உரோமையை விட்டுத் தப்பியோடும் பேதுருவுக்கு வழியில் ஆண்டவர் எதிர்ப்படும் காட்சியைத் திருத்தூதர் பணிகள் நூலில் தேடுவதுண்டு. அங்கே அது கிடைக்காது. "ஆண்டவரே, நீர் எங்கே போகிறீர்?" என்னும் வினா யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் உண்டு; ஆனால் அது இறுதி இராவுணவின்போது எழுந்தது. வழியில் நிகழும் சந்திப்போ, திருமறை நூல்களின் வரிசையில் சேராத பேதுருவின் பணிகள் என்னும் பழைய நூலிலிருந்து வந்தது. இதைச் சொல்லும்போது முகம் வாடுகிறவர்களை நான் அறிவேன்.

சோழநாட்டுக்கே திரும்புவோம். கதை எங்கே தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில். வந்தியத்தேவன் சென்ற வழியே செல்கிறோம் என்று இன்றும் பலர் பயணம் போகிறார்கள். ஏரியைக் கண்டு சிலிர்க்கிறார்கள். அந்த ஏரியை அடுத்துள்ள காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 985-இல் பட்டமேறிய இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டி உரைப்பது. கதையில் வரும் ரவிதாசனும் சோமன் சாம்பவனும் பெயர் பெற்றது இந்தக் கல்லிலிருந்துதான்.

கதையில் அவர்கள் பாண்டியனுக்காகப் பழிதீர்க்கக் காட்டில் கூடும் சதிகாரர்கள். கல்லிலோ ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்றும் அரசு வழங்கும் உயர்ந்த பட்டங்கள் உண்டு. பின்னவனின் பட்டத்தில் இருப்பது சோழனின் பெயர். கொலைக்குக் காரணம் அரண்மனைக்கு வெளியே இருந்ததா, உள்ளேயே இருந்ததா? நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனை ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர் வழக்கு அவ்வாறிருக்கட்டும்.

நான் சுட்ட விரும்புவது அதே கல்வெட்டின் அடுத்த வரிகளை. யார் யாருடைய உடைமைகள் பறிக்கப்பட்டன என்று அது வரிசையாகக் கூறுகிறது. கொலையாளிகளின் உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், தந்தையின் உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தார், அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமன்மார், அவர்களுடைய சகோதரியரை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என அந்த வரிசை நீள்கிறது. இவர்களுள் எவர் சதியில் கைகலந்தார் என்று கல் கூறவில்லை. உறவே குற்றமாயிற்று. ரேவதாச கிரமவித்தன் என்பவனோடு அவன் மகனும், பெரிய நங்கைச்சாணி என்னும் அவன் தாயும் பெயரோடு வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தை இழந்த ஒரு தாயின் பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. நந்தினி என்னும் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நந்தினிக்காக நாம் சிந்திய கண்ணீரில் ஒரு துளியேனும் பெரிய நங்கைச்சாணிக்கு விழுந்ததுண்டா?

"அக்காலத்து நீதி அப்படி. இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்று மறுமொழி வருகிறது. இராசராசனின் பெரிய கோயிலையும் நிலஅளவையையும் எந்த அளவுகோலால் புகழ்கிறீர்கள்? இன்றைய அளவுகோலால் அல்லவா? புகழுக்கு ஒரு கோல், பழிக்கு ஒரு கோல் வைத்திருப்பவர் துலாக்கோலைத் தொடலாகாது. மேலும், குற்றமற்றவனைத் தண்டிப்பது அரசனுக்கு இழுக்கு என்று அக்காலத்தவர் அறியாதவர்களும் அல்லர். பிழையான தீர்ப்பு வழங்கியதை உணர்ந்த கணத்திலேயே உயிர்நீத்த பாண்டியனின் கதை, இராசராசனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் காப்பியமாகிவிட்டது. கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைத் தம் குலத்தின் அணியாகக் கொண்டாடியவர்கள் சோழர். அந்த அளவுகோல் அவர்கள் கையிலேயே இருந்தது.

இதனால் இராசராசன் சிறியவன் ஆகிவிடுவானா? ஆகமாட்டான். பெரிய கோயில் எழுப்பிய அதே அரசனின் இரண்டாம் ஆண்டில்தான் இதுவும் பொறிக்கப்பட்டது என்று சேர்த்து வாசிக்கச் சொல்கிறேன்; அவ்வளவே. ஒரு வீட்டில் ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் அக்காள் வீட்டையும் மாமியார் வீட்டையும் ஊரே ஒதுக்கிவைப்பதை இன்றும் நம் தெருக்களில் காண்கிறோம். அரசர்களின் பெருமையை மட்டுமே நினைந்துருகப் பழகிய உள்ளத்துக்கு, அந்தத் தெருவில் நடப்பது அநீதி என்றே தோன்றாமல் போய்விடுகிறது. எனக்குள்ள அச்சம் அதுதான்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு வீரநாராயண ஏரியைக் காணப் போகிறவர்கள், திரும்பும் வழியில் அனந்தீசுவரர் கோயிலில் சற்றே நின்று, விவரம் அறிந்த ஒருவரைக்கொண்டு அந்தக் கல்லை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பெயர்வரிசையைக் கேட்டு முடிக்க அதிக நேரம் ஆகாது. அதன் பிறகு வாசகர் வட்டத்தில் என்ன பேசுகிறீர்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.