அந்த மாத்திரையைக் கேட்கும் முன்... டாக்டரிடம் இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள்!

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்தி ஒரு மாத்திரை கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஆற்காட்டிலும் உண்டு. ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வருபவர், பேரன் எடுத்த பெரியவர், புதுமாப்பிள்ளை என வயது வித்தியாசமே இல்லை. விறைப்புத்தன்மைப் பிரச்னைக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரைகள்தான் அவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது.

1. 'நெஞ்சுவலிக்கு மாத்திரை வைத்திருக்கிறேன்'

முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்றவை நைட்ரேட் வகை மருந்துகள். ரத்தக்குழாயை விரிக்கும் பொருளை இவை உடலில் அதிகமாக்கும். சில்டெனாஃபிலோ, அந்தப் பொருள் கரையாமல் தடுக்கும். குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியின் வடிகாலையும் அடைத்தது போலத்தான். ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகலாம். நைட்ரேட் எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது.

மாத்திரை போட்டபின் நெஞ்சுவலி வந்தால், வீட்டில் இருக்கும் சார்பிட்ரேட்டைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சில்டெனாஃபில் என்றால் குறைந்தது 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தரக் கூடாது. அதனால் மனைவிக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

2. 'பிரஷர், புராஸ்டேட் மாத்திரையும் உண்டு'

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின் வகை மருந்துகளோடு சேர்ந்தாலும் பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம். அளவைக் குறைத்துத் தொடங்குவதா, வேண்டாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நண்பருக்கு 100 மில்லிகிராம் ஒத்துக்கொண்டது என்பதற்காக நீங்களும் அதையே போடாதீர்கள்.

3. 'எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது'

இதை 'ஆண்மைக்குறைவு' என்று சொல்லிச் சொல்லியே பலரைக் கூனிக்குறுக வைத்துவிட்டோம். பெரும்பாலும் இது ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மி.மீ. அகலம்தான், இதயத்துக்குப் போவது 3 முதல் 4 மி.மீ. அடைப்பு வந்தால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இதய நோய் தலைகாட்டுவதற்குச் சில வருடங்கள் முன்பே இப்படி அறிகுறி வரலாம். சுகர் இருந்து அது தெரியாமலேயே இருப்பவர்களுக்கும் இது முதல் மணியாக இருக்கலாம். மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டால், மணிச் சத்தத்தை அமுக்கியது போலாகிவிடும்.

டாக்டர் எழுதிக்கொடுத்தால்...

சில்டெனாஃபிலை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு, நாளுக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் எடுக்க வேண்டும். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டபின் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். அதற்காக இன்னொன்று போடக் கூடாது. மதுவோடு வேண்டாம். லேசான தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு வந்து போகலாம். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, திடீரென்று பார்வை, காது மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லாட்ஜ் வைத்தியம், 'மூலிகை' பவுடர்?

இந்தப் பிரச்னையைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. 'முழுக்க மூலிகை' என்று விற்ற பல பொருட்களில் சில்டெனாஃபில் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இதய நோயாளி அதை மூலிகை என்று நம்பிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை மேலேயே பார்த்துவிட்டோம்.

வாலாஜா அரசு மருத்துவமனையோ, அடுக்கம்பாறையோ, வேலூர் சி.எம்.சி.யோ, உங்களுக்குத் தெரிந்த குடும்ப டாக்டரோ, யாரிடமாவது போங்கள். வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போக மறக்காதீர்கள். மீதிக் கேள்விகளை டாக்டரே கேட்டுக்கொள்வார்.