பத்து யூரோ கத்தியும் பதினைந்து யூரோ கத்தியும்

பிரான்ஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் நினைவுப்பொருள் கடைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஒரு தட்டில் மரப்பிடி போட்ட, முதுகில் தேனீ உருவம் பதித்த அழகான மடக்குக் கத்தி. விலை பத்து யூரோ போல இருக்கும். பக்கத்துத் தட்டில் உருளையான மொட்டை மரப்பிடியும் ஒரு உலோக வளையமும் உள்ள சாதாரணக் கத்தி. அது பதினைந்து யூரோ. பெரும்பாலானவர்கள் எதை எடுப்பார்கள்? தேனீயைத்தான்!

அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு பொருள் மலிவாக இருக்க இரண்டு வழி உண்டு. செய்முறையை எளிமையாக்கி விலையைக் குறைப்பது ஒன்று. விலை உயர்ந்த ஒன்றைப் போலவே தோற்றம் கொடுத்துவிட்டு, உள்ளே தரத்தைக் குறைப்பது இன்னொன்று. கடைத்தட்டில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். கையில் வைத்துப் பழகினால்தான் வித்தியாசம் புரியும். ஐரோப்பாவின் மரப்பிடிக் கத்திகளைப் போல இதை விளக்க நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் அந்த மொட்டைக் கத்தி. அதன் பெயர் ஓபினெல். 1890-ல் பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்பவர் உருவாக்கியது. 1897-ல் 1 முதல் 12 வரை எண் போட்டுப் பன்னிரண்டு அளவுகளில் விற்க ஆரம்பித்தார். அதே எண் முறை இன்றும் தொடர்கிறது (1-ம் எண்ணும் 11-ம் எண்ணும் மட்டும் பட்டியலில் இருந்து போய்விட்டன). அதிகம் விற்பது 8-ம் எண். அலகு எட்டரை சென்டிமீட்டர் நீளம்.

இந்தக் கத்தியில் மொத்தம் ஐந்தே பாகங்கள்தான். மரப்பிடி, அலகு, இரண்டையும் கோக்கும் ஆணி, அசையாத பட்டை, அதன் மேல் சுழலும் வளையம். ஸ்பிரிங் கிடையாது. அலகைப் பிடித்து வைப்பது மரத்தின் இறுக்கம்தான். அந்தச் சுழலும் வளையத்தை 1955-ல் மார்செல் ஓபினெல் சேர்த்தார். வளையத்தைத் திருப்பினால் திறந்த அலகு விரல் மேல் மடங்காது. 2000-ல் செய்த மாற்றத்துக்குப் பிறகு, மூடிய நிலையிலும் பூட்டலாம். விலை ஏன் குறைவு என்பதற்கு இதுவே பதில். குறைக்க இனி எதுவும் மிச்சமில்லாத அளவுக்கு எளிமையான வடிவம்.

குறை இல்லையா? உண்டு. பீச் மரம் ஈரத்தில் உப்பும். மழையில் நனைந்தால் அலகு பிடிக்குள் சிக்கிக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு கைப்பழக்கம் வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையை மேஜையில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். அடுத்தது, கார்பன் எஃகா ஸ்டெயின்லெஸ்ஸா என்ற கேள்வி. கார்பன் அலகைத் தீட்டுவது சுலபம். ஆனால் எலுமிச்சையோ வெங்காயமோ நறுக்கினால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும். துடைக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்டெயின்லெஸ்ஸை எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஓபினெலுக்குப் போட்டியே இல்லையா என்றால், இருக்கிறது. போர்ச்சுகலின் வடகிழக்கு மூலையில் பலசோலு என்ற சின்ன கிராமம். கத்திக்கும் மரப்பீப்பாய்க்கும் பெயர் போனது. அங்கே 1870 முதல் செய்யப்படுவது மாம் கத்தி. இதுவும் பீச் மரப்பிடிதான், விலையும் ஓபினெலுக்குப் பக்கத்தில். சில மாடல்களில் பூட்டு உண்டு, சிலவற்றில் இல்லை. வழவழப்பு ஓபினெலைவிட ஒரு படி குறைவு. ஆனால் வயலுக்குப் போகிறவர் பையில் போட்டுக்கொண்டு போக ஏற்றது.

இத்தாலியில் மானியாகோ என்ற கத்தி நகரத்தில் இருந்து வருவது அன்டோனினியின் ‘ஓல்டு பேர்’. வால்நட் பிடி, பூட்டு வளையம், கைக்கு நிறைவாகப் பொருந்தும் வளைவு. ஓபினெலைவிட விலை கூடுதல்தான், ஆனால் பெரிய கை உள்ளவர்களுக்கு இது பிடித்துப்போகும். ஸ்பெயினின் கட்டலோனியாவில், சோல்சோனா ஊரில் 1917 முதல் இயங்கும் பயாரெஸ் பாக்ஸ்வுட் பிடியில் கத்தி செய்கிறது. இவை எல்லாமே முதல் வகை மலிவு. இன்ன ஊரில் இன்னார் செய்தது என்று தைரியமாகச் சொல்லிக்கொள்பவை.

சரி, தேனீக் கத்திக்கு வருவோம்.

அதன் பெயர் லாகியோல். உள்ளூரார் உச்சரிப்பு ‘லயோல்’ போல இருக்கும். தெற்கு பிரான்ஸின் அவேரோன் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர் அது. 1829-ல் பியேர் ஜான் கால்மெல்ஸ் அங்கே கத்தி செய்யத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டில் தயாரிப்பின் பெரும்பகுதி தியேர் நகரத்துக்குப் போய்விட்டது. 1987-ல் கிராமத்தில் மறுபடியும் பட்டறை திறந்தார்கள். கையால் செய்த நல்ல லாகியோல் இன்று நூறு யூரோவைத் தாண்டும்.

அப்படியானால் பத்து யூரோ லாகியோல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆசியத் தொழிற்சாலைகளில் இருந்து. தேனீயும் சரி, லாகியோல் என்ற பெயரும் சரி, தரத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அது ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல, ஒரு கத்தி வகையின் பெயராகப் பரவிவிட்டது. போதாக்குறைக்கு 1993-ல் வெளியூர் வியாபாரி ஒருவர் அந்தப் பெயரை விதவிதமான பொருள்களுக்கு டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டார். சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்க அந்த ஊர்க்காரர்களுக்கே சிக்கல்! 2012-ல் கிராமத்தார் எதிர்ப்பைக் காட்ட ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றினார்கள். பல வருட வழக்குக்குப் பின் 2019-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவுகளில் பலவற்றை ரத்து செய்தது.

வணிகவியல் படிப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். 1989-ல் ஓபினெல் என்ற சொல் லாரூஸ் அகராதியில் ஏறியது. அதாவது அதுவும் பொதுச்சொல் ஆகும் அளவுக்குப் பிரபலம்தான். ஆனால் அது ஒரு குடும்பத்தின் பெயர். 1909-லேயே கிரீடம் சூட்டிய கையை முத்திரையாகப் பதிவு செய்துவிட்டார்கள். லாகியோல் ஊரின் பெயர். ஊருக்குச் சொந்தமானதை யாரும் பதிவு செய்யவில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரமோ 1938-லேயே தன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டது. ஊர்ப்பெயர் போடும் கைவினைப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் காக்கும் விதி 2023-ல்தான் நிறைவேறியது. 2025 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது. இவ்வளவு தாமதத்தின் விலையை ஒரு கிராமம் கொடுத்தது.

“அதே விலைக்குச் சீனத் தயாரிப்பில் இன்னும் நல்ல எஃகு, ஒரு கையால் திறக்கும் வசதி எல்லாம் கிடைக்குமே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொந்தப் பெயரில் வரும் நல்ல சீனக் கத்தியை யாரும் குறை சொல்ல முடியாது. குறை, இன்னொரு ஊரின் பெயரை ஒட்டிக்கொண்டு வருவதில்தான்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் காரணம் இல்லாமல் பையில் வைத்திருக்கலாம் என்றால், பூட்டு இல்லாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி மட்டும்தான். 8-ம் எண் ஓபினெல் இரண்டு விதத்திலும் தேறாது. வளையம் இல்லாத 2 முதல் 5 வரையிலான எண்கள் தேறும். விமானத்தில் கைப்பையில் 8-ம் எண் ஆகாது.

முடிவாக, ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 8-ம் எண் ஓபினெல், ஸ்டெயின்லெஸ். கை பெரியதென்றால் ஓல்டு பேர். லாகியோல்தான் வேண்டும் என்றால் பணம் சேர்த்து, செய்தவர் யார் என்று கேட்டு வாங்குங்கள். பத்து யூரோ தேனீ வேண்டாம். பதினைந்து யூரோ கத்தி தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்வதில்லை. அந்த ஐந்து யூரோ வித்தியாசத்துக்கு அது போதாதா?