சுற்றறிக்கை இரவுப் பணிக்கு வந்து சேர்ந்ததா?

2003 மார்ச் 7 அன்று கனடாவில் இரண்டு நோயாளிகள் இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ஒருவர் வான்கூவரில், மற்றவர் ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில். ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் அதே ஸ்கார்பரோதான். இருவருக்கும் காய்ச்சல், மூச்சுத்திணறல். அந்த நோய்க்குச் சார்ஸ் என்ற பெயரே அப்போது சூட்டப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது மார்ச் 12இல்தான். வான்கூவரில் சில நிமிடங்களுக்குள் நோயாளியைத் தனி அறைக்கு மாற்றினார்கள், பணியாளர்கள் முகக்கவசம் அணிந்துகொண்டார்கள். ஸ்கார்பரோவிலோ, நோயாளி அவசரச் சிகிச்சைப் பிரிவில் பிறரோடு பல மணி நேரம் கிடந்தார். அருகில் இருந்தவர்களுக்குத் தொற்றியது. அவர்கள் வழியாக வேறு மருத்துவமனைகளுக்கும் போனது. அந்த ஆண்டு ஜூலைக்குள் வான்கூவரில் 5 பேருக்கு மட்டுமே நோய். ரொறன்ரோவில் 247 பேருக்கு நோய், 43 மரணங்கள்.

ஒரே நாடு, ஒரே வைரஸ். மருத்துவர்களின் திறமையிலும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. வேறுபாடு எங்கே என்றால், வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிப்ரவரியிலேயே, சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் திரும்பியவர்கள் காய்ச்சலோடு வந்தால் கவனியுங்கள் என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லியிருந்தது. அந்தச் சொல் அவசரப் பிரிவின் வாசலில் நிற்பவர் வரை வந்து சேர்ந்திருந்தது. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பார்கள். அதை மறுக்க முடியாது. வான்கூவர் நோயாளி தாமே ஹாங்காங் போய் வந்தவர். ஸ்கார்பரோவில் வந்தவர் எங்கும் போகவில்லை, போய்வந்தவர் அவருடைய தாய். ஆனாலும் “வீட்டில் யாராவது வெளிநாடு போய் வந்தார்களா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்பதற்கு, அப்படிக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரிடம் அந்தக் கேள்வியை எதிர்பார்ப்பது அநியாயம்.

சரி, மார்ச்சில் நடந்ததை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடலாம். மே மாதத்தில் நடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? நோய் அடங்கிவிட்டது என்று கருதி, ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணம் அவசரநிலையை மே 17இல் விலக்கியது. அதே நாள்களில் ரொறன்ரோவின் நார்த் யார்க் பொது மருத்துவமனையின் செவிலியர்கள், வார்டில் சந்தேகத்துக்கு இடமான மூச்சுக் கோளாறுகள் தெரிகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. இரண்டாவது அலை அங்கிருந்துதான் எழுந்தது. நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையிலான விசாரணை ஆணையம் இதை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. ஒன்ராறியோவில் நோயுற்றவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவப் பணியாளர்கள். இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் உயிரிழந்தார்கள். மேலிருந்து கீழே உத்தரவு வருவதை மட்டும் தகவல் பரிமாற்றம் என்று நினைத்துக்கொள்கிறோம். வார்டிலிருந்து மேலே போகும் சொல்லுக்கு அதைவிட அதிக மதிப்பு உண்டு, ஏனென்றால் நோயை முதலில் பார்ப்பது வார்டு.

நோய்த்தடுப்பு விதிகள் மட்டுமல்ல, நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது போன்ற சேவைகளுக்கான விதிகளும் பணியாளர்களை முழுமையாக வந்து சேர வேண்டும். இந்தியாவில் கோவிட் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ‘தொற்று இல்லை’ என்று முடிவு வர வேண்டும் என்றிருந்தது. 2020 மே 8இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை மாற்றியது. லேசான பாதிப்பு உள்ளவருக்கு அறிகுறி தொடங்கிப் பத்து நாள் ஆகி, மூன்று நாளாகக் காய்ச்சலும் இல்லையென்றால், பரிசோதனை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்றது அன்றைய புதிய விதி. மருத்துவக் காரணம் உள்ள மாற்றம்தான். ஆனால் “டெஸ்ட் எடுக்காமல் எப்படி அனுப்புகிறீர்கள்?” என்று உறவினர் சண்டைக்கு வரும்போது எதிரில் நிற்பது அமைச்சகம் அல்ல, வார்டுச் செவிலியர். விதியை மட்டும் தெரிந்துகொண்டவர் “மேலிட உத்தரவு” என்று சொல்லிவிட்டு நகர்வார். விதிக்கான காரணத்தையும் தெரிந்துகொண்டவரால்தான் அந்தக் குடும்பத்தின் அச்சத்தைத் தணிக்க முடியும். காரணம் எழுதப்படாத சுற்றறிக்கை பாதிச் சுற்றறிக்கை.

உறுதியாகத் தெரியாததைப் பணியாளர்களிடம் சொன்னால் பீதி பரவும் என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். மருத்துவமனையில் பணிபுரிகிறவர்கள் நோயையும் சாவையும் தினமும் பார்க்கிறவர்கள். அவர்களைக் கலங்கடிப்பது கெட்ட செய்தி அன்று. தம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான். நிர்வாகம் வாய் திறக்காத இடத்தை வாட்ஸ்ஆப் வதந்தி நிரப்பிவிடுகிறது. “இன்றைக்கு இவ்வளவு தெரியும், இது இன்னும் தெரியாது, தெரியும்வரை இப்படி நடந்துகொள்வோம்” என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறிவியல் முழு உறுதி தரும்வரை பாதுகாப்பை ஒத்திப்போடக் கூடாது என்பதைத்தான் கேம்பெல் ஆணையமும் வலியுறுத்தியது. இன்னொரு வாதத்தில் நியாயம் இருக்கிறது: சுற்றறிக்கைகள் ஏற்கெனவே குவிகின்றன, படிக்க யாருக்கு நேரம்? உண்மைதான். நேற்றைய ஆணையும் இன்றைய ஆணையும் ஒரே பலகையில் ஒட்டப்பட்டிருந்தால், ஆணையே இல்லாததைவிட ஆபத்து. அதற்காக அனுப்புவதை நிறுத்தக் கூடாது. பழையதைக் கிழித்துவிட்டு, மாறியது என்ன என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

பணியாளர் என்றால் யார் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கோவிட் கழிவுகளைக் கையாள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜூலைக்குள் நான்கு முறை திருத்தப்பட்டது. இரட்டை உறையில் கட்டு, பெயர் ஒட்டு, தனியாக வை என்ற விதிகளைக் கையால் செய்து முடிக்கிறவர் தூய்மைப் பணியாளர். பல மருத்துவமனைகளில் அவர் ஒப்பந்த ஊழியர். நிர்வாகத்தின் மின்னஞ்சல் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். கூட்டம் பகலில் நடக்கும், அவருக்கோ இரவுப் பணி. இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் காவலர், தூய்மைப் பணியாளர், செவிலியர், பயிற்சி மருத்துவர் எல்லோரையும் நிற்கவைத்து, மாறியவற்றைத் தமிழில் வாயால் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சந்தேகம் கேட்க ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்; கேட்டதற்கு மறுநாள் பதில் வர வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி, தகவல் பலகையில் தேதி பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போவதை விட்டு, இரவு இரண்டு மணிக்கு வார்டுக்குப் போய், அங்கே தரை துடைப்பவரிடம் இன்றைய விதி என்ன என்று கேட்கட்டும். அவர் போன மாத விதியைச் சொன்னால், அந்த மருத்துவமனைக்குச் சுற்றறிக்கை இன்னும் வந்து சேரவில்லை என்றே குறித்துக்கொள்ளட்டும்.